பழனிக்கு நடக்கிற கால் 2 கி.மீ. ஓட மாட்டேங்குது. ஜனவரி 10 கி.மீ.க்கு 16 வாரம் போதுமா?

கேள்வி: காரைக்குடிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வயசு 34, எடை 78 கிலோ, உயரம் 170 செ.மீ. சுகர், பிரஷர் எதுவும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை உண்டு, அதுவும் வெறுங்காலில். அந்தத் தைரியத்தில் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10 கி.மீ. பிரிவுக்குப் பேர் கொடுத்தாச்சு. இன்னும் 16 வாரம் இருக்கு.

நிலவரம் இதுதான்: ஒரு மாசமா வாரத்துக்கு 5 நாள் ஓட்டம். 2 கி.மீ.யை 11 நிமிஷத்தில் முடித்ததும் மூச்சு வாங்கி நின்றுவிட வேண்டியிருக்கு. அதுக்கு மேல ஒரு அடி நகராது. போன வாரத்திலிருந்து இரண்டு காலிலும் முன்னெலும்பின் உள்பக்கம் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்குது, உடம்பு சூடானதும் குறையுது, மறுநாள் காலையில் படியிறங்கும்போது மறுபடியும் தெரியுது.

நாள் முழுக்க நடக்க முடிகிற ஆளுக்கு 2 கி.மீ. ஏன் முடியலை? வலியோடு ஓடலாமா? ஷூ அவசியமா, வெறுங்காலே போதுமா? 10 கி.மீ.யை எப்படித்தான் எட்டுவது?

பதில்: செம்மண்

தம்பி, 2 கி.மீ. 11 நிமிஷம் என்றால் கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிஷம். அதே வேகத்தில் 10 கி.மீ.யைக் கடந்தால் 55 நிமிஷம். ஒரு மாசம் ஓடியவர் பிடிக்கிற வேகம் இல்லை அது. உங்களுக்கு மூச்சு குறைவு என்பதல்ல விஷயம், நீங்கள் ஓடுகிற வேகம் உங்களுக்கு ஆகாத வேகம். கிலோமீட்டருக்கு 8 நிமிஷத்துக்கு இறங்குங்கள். தெருவில் பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் வேண்டாம். பாதயாத்திரையில் சொல்லிக்கொண்டு போவீர்களே, ‘கந்தனுக்கு அரோகரா, முருகனுக்கு அரோகரா’ என்று, அதை ஓடிக்கொண்டே ஒரே மூச்சில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முழுசாக வந்தால் சரியான வேகம். ‘கந்தனுக்கு’ என்றதும் மூச்சை இழுக்க வேண்டியிருந்தால் நடைக்கு வந்துவிடுங்கள். அடுத்த மூணு மாசத்துக்கு உங்கள் ஓட்டம் எல்லாமே இந்த வேகத்தில்தான்.

நடை வேறு, ஓட்டம் வேறு. நடக்கும்போது ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டும் அந்தரத்தில் போய் ஒற்றைக்காலில் இறங்குகிறோம். அப்படி இறங்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு பாரம் அந்தக் காலில் விழுகிறது. 78 கிலோவுக்கு அது 156லிருந்து 234 கிலோ. நிமிஷத்துக்கு 160 அடி என்று வைத்தால் ஒரு காலுக்கு 80. அரை மணி நேரத்தில் 2,400 தடவை. பாதயாத்திரை உங்கள் இதயத்தையும் மனசையும் உள்ளங்கால் தோலையும் பழக்கியிருக்கிறது. எலும்பை இந்த இடிக்குப் பழக்கவில்லை.

எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. மூச்சு மூணு நாலு வாரத்தில் தேறிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாசக்கணக்கு வேண்டும். எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும்போது முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் புதுசைக் கட்டுகிறது. சுவரை இடித்தாச்சு, புதுச் செங்கல் இன்னும் ஏறவில்லை என்கிற நிலை. பெரும்பாலும் அது மூணாவது, நாலாவது வாரத்தில் வரும். ‘இப்பதான் நல்லா ஓட வருது’ என்று ஆள் வேகத்தைக் கூட்டுவதும் அதே வாரம்தான். உங்கள் வலி நாலாவது வாரத்தில் வந்திருக்கிறது, கவனித்தீர்களா?

வாரம் 5 நாளை 3 நாளாக்குங்கள். சிமெண்ட் ரோட்டை விட்டுவிட்டு செம்மண் வண்டிப்பாதையில் ஓடுங்கள், வலி பாதி குறையும்.

பதில்: ஊரணிக்கரை

செம்மண் அண்ணன் சொன்னதில் கடைசி வரி தவிர மற்றதெல்லாம் சரி. வலி இருக்கும்போது தரையை மாற்றிப் பயனில்லை. வண்டித் தடத்தில் ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் மேட்டிலும் போகும், மழைக்குப் பிறகு செம்மண் வழுக்கும், கணுக்கால் பிசகும். தார் ரோட்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு: நீர் வடிய ஓரம் சரிவாக இருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் தினமும் தாழ்வில் இறங்கும். ஊரணியைச் சுற்றி ஓடுகிறவர்கள் ஒரு சுற்று வலமாகவும் அடுத்த சுற்று இடமாகவும் போவது நல்லது.

முதலில் வலி எந்த வகை என்று பாருங்கள். உட்கார்ந்து காலை நீட்டி, முன்னெலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேலே கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்கடையாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து செ.மீ.க்கு மேல் நீளமாகப் பரவி வலித்தால் ‘ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்’ எனப்படும் எலும்புறை அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் சொல்வதும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போது வலித்தாலோ, அந்த ஒற்றைக்காலில் குதிக்க முடியாமல் போனாலோ, எலும்பில் மயிர்க்கோடு போல விரிசல் இருக்கலாம். அப்படியானால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ‘எக்ஸ்ரே சுத்தமா இருக்கு’ என்று மறுபடி ஓடப்போய் முழு முறிவாக்கிக்கொள்வது உண்டு.

முதல் வகை என்றால், முதல் இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது. தினம் 40 நிமிஷம் வேகநடை, அல்லது சைக்கிள். நடக்கும்போதே வலித்தால் சைக்கிள் மட்டும். வலிக்கிற இடத்தில் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிஷம் வைத்தால் இதமாக இருக்கும், ஆனால் ஆற்றுவது ஐஸ் அல்ல. கெண்டைக்கால் பலப்படுவதுதான் ஆற்றும்.

அதற்கு வாசற்படி போதும். முன்பாதம் மட்டும் படியில், குதிகால் வெளியே. சுவரைத் தொட்டுக்கொண்டு 2 நொடியில் மேலே ஏறி, 3 நொடியில் குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும்வரை இறங்குங்கள். முழங்காலை நீட்டி 15 தடவை, மடக்கி 15 தடவை. நீட்டும்போது மேல் கெண்டைத் தசை வேலை செய்யும், மடக்கும்போது உள்ளே இருக்கும் தசை வேலை செய்யும். ஓட்டத்தில் பெரும்பாரம் தாங்குவது உள்ளே இருப்பதுதான், பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான். இப்படி மூணு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். 15 சுலபமானதும் ஒற்றைக்காலில். ஈரக்காலோடு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒற்றைக்கால் பயிற்சி வேண்டாம், அந்த வழுவழுப்பில் வழுக்கினால் ஜனவரி போய்விடும்.

ஷூ கேட்டீர்கள். வெறுங்காலில் ஓடுவது தப்பில்லை, ஆனால் பாரம் முழுக்கக் கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் மாறும். அதைப் பழக்க ஒரு வருஷம் வேண்டும், உங்களிடம் இருப்பது 16 வாரம். பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயந்தரத்தில், ஓடும்போது போடப்போகிற சாக்ஸுடன் கடைக்குப் போங்கள். நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நகம் கறுக்கும். வெறுங்காலில் நடந்து பழகியவர்களுக்கு முன்பாதம் அகலமாக இருக்கும், அகலப் பாத அளவு தனியாக வருகிறது, கேட்டு வாங்குங்கள். சாக்ஸ் பருத்தி வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு கொப்புளம் போடும். ஒரு ஜோடி 500லிருந்து 800 கி.மீ. வரை உழைக்கும். ஆகவே போட்டிக்காக இன்னொரு புது ஜோடி தேவையில்லை.

இனி ஓட்டம். செவ்வாய், வியாழன், ஞாயிறு. முன்னால் 5 நிமிஷம் நடை, பின்னால் 5 நிமிஷம் நடை, அது கணக்கில் வராது.

3, 4ஆம் வாரம்: 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, 10 தடவை. ‘இது ரொம்பக் குறைச்சல்’ என்று தோன்றும். தோன்றினால் நல்லது.
5, 6: 2 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை, 10 தடவை.
7, 8: 4 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை, 6 தடவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 8.
9: இறக்க வாரம். மூணு நாளும் இதே 4க்கு 1, ஆனால் 25 நிமிஷத்தோடு நிறுத்தம்.
10லிருந்து வாரநாள் 30, 35 நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை தூரம் பார்த்து: 5, 6, 7 கி.மீ., 13ஆம் வாரம் மறுபடி 5, 14ஆம் வாரம் 8, 15ஆம் வாரம் 6. 16ஆம் வாரம் இரண்டு தடவை 20 நிமிஷம், ஞாயிறு போட்டி.

போட்டிக்கு முன் 10 கி.மீ. ஓடிப் பார்க்க வேண்டியதில்லை, 8 ஓடிய உடம்பு 10ஐ முடிக்கும். ஒருநாள் விட்டுப்போனால் விட்டதுதான், மறுநாள் சேர்த்து ஓடாதீர்கள். ஒரு வாரம் முழுக்க விட்டுப்போனால் முந்தின வாரத்திலிருந்து தொடங்குங்கள். 4க்கு 1 என்கிற கணக்கைப் போட்டி வரைக்கும் கொண்டுபோகலாம். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் காலவே பரப்பிய முறை இது, நடப்பது அவமானமில்லை. கிலோமீட்டருக்கு 8 நிமிஷம் என்ற கணக்கில் 80லிருந்து 85 நிமிஷத்தில் முடிப்பீர்கள். உங்கள் பிரிவுக்கு நேர வரம்பு எவ்வளவு என்று விதிகளில் இப்போதே பாருங்கள்.

பதில்: செம்மண்

வண்டிப்பாதை விஷயத்தில் ஊரணிக்கரை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், மழைக்காலம் வேறு வருகிறது. ஆனால் ஆளாளுக்கு ‘வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே’ என்று ஒரு விதி சொல்வார்கள், அதை மட்டும் வேதவாக்காக எடுக்காதீர்கள். நெதர்லாந்தில் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் புது ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு 10 சதவீதக் கணக்கில் 13 வாரம், இன்னொன்றுக்கு வழக்கமான 8 வாரம் என்று பழக்கினார்கள். 2008இல் முடிவு வந்தது. இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. சதவீதத்தைவிட உங்கள் கட்டைவிரல் சோதனையை நம்புங்கள், வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, அடியை நீட்டி வைக்காதீர்கள். பாதம் உடம்புக்கு வெகுதூரம் முன்னால் போய் விழுந்தால் அதுவே பிரேக், அந்த அதிர்ச்சி நேராக முன்னெலும்புக்குப் போகும். வலதுகால் தரையைத் தொடுவதை 30 நொடி எண்ணுங்கள். 38க்குக் குறைந்தால் அடி பெரிசு. இரண்டு மூன்று எண்ணம் கூட்டுங்கள், வேகத்தைக் கூட்டாமல். நிமிஷத்துக்கு 180 அடி என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களைப் பார்த்து ஜாக் டேனியல்ஸ் எண்ணிச் சொன்னது. நமக்கு அந்த எண் கட்டாயமில்லை.

பதில்: கண்டாங்கி

வெயில், நாய், இருட்டு. நம்ம பக்கம் ஓடுகிறவர்களுக்கு நிஜமான தலைவலி இந்த மூணும்தான், யாருமே எழுதலையே.

இப்போதைக்கு 7 மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடுது, அதனால் 5 மணிக்கு ஆரம்பிச்சு 6க்குள் முடிக்கிற மாதிரி வையுங்க. வெக்கையில் தோலைக் குளிரவைக்க ரத்தம் அந்தப் பக்கம் போயிடும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலா அடிக்கும். அதனால் புழுக்கமான நாளில் கிலோமீட்டருக்கு அரை நிமிஷம் கூடினால் பயிற்சி கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை. வெக்கைக்கு உடம்பு பழக 10லிருந்து 14 நாள் ஆகும். தலை சுற்றல், உடம்பு சிலிர்ப்பு, பேச்சு குழறல் இதில் எது வந்தாலும் உடனே நின்று நிழல், தண்ணீர். பேச்சு குழறினால் தலையிலும் உடம்பிலும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகணும், ‘கொஞ்சம் படுத்தா சரியாயிடும்’ கிடையாது.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் மாதிரி ஊர்களில் ஒரு வீடே இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேரா இருப்பதால் ஒரு சதுரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடலாம், குறுக்கே வண்டி வருவது குறைவு. மாப்பில் ஒரு சுற்று எத்தனை மீட்டர்னு அளந்துக்குங்க. பிள்ளையார்பட்டி ரோடு மாதிரி வண்டி ஓடுற ரோட்டில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமா ஓடணும், ஒளி பட்டால் மின்னும் பட்டி போட்ட சட்டையோட. இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்துங்க. ஓடினால்தான் அது துரத்தும். முறைக்காமல், முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் மெதுவா நடந்து அதன் எல்லையைத் தாண்டணும். குனிந்து கல் எடுக்கிற பாவனைக்குப் பெரும்பாலும் விலகிடும். கடித்தாலோ நகம் கீறினாலோ ஓடுற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி. மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம்.

இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு ஒண்ணு: வேகத்தைக் குறைச்ச பிறகும், மாசக்கணக்கா மெதுவா ஓடின பிறகும் மூச்சு வாங்கினால், படியேறினாலே இதயம் படபடன்னு அடிச்சால், ஹீமோகுளோபின் பாருங்க. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதைச் சரிபண்ணாமல் எந்தத் திட்டமும் ஏறாது. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி டீயோட சாப்பிடாதீங்க, உடம்பில் சேராது.

காரைக்குடிக்காரன்

அழுத்திப் பார்த்தேன், ஒரு சாண் நீளத்துக்குப் பரவித்தான் வலிக்குது. ஒரே புள்ளி இல்லை. நாளையிலிருந்து சைக்கிள். இரண்டு கேள்வி பாக்கி: போட்டிக்கு முந்தின நாளும் அன்றைக்கும் என்ன சாப்பிடலாம்? போட்டி முடிந்து கொஞ்ச நாளில் பாதயாத்திரை வருதே, இரண்டும் ஆகுமா?

பதில்: கண்டாங்கி

முந்தின நாள் புதுசா எதுவும் வேண்டாம், அவ்வளவுதான் சட்டம். சென்னைக்குப் போன சந்தோஷத்தில் பிரியாணியும் உப்புக்கறியும் சாப்பிட்டால் காலையில் ஸ்டார்ட் லைனுக்குப் பதிலா கழிவறை வரிசையில் நிப்பீங்க. கவுனி அரிசி நல்லதுதான், ஆனால் நார்ச்சத்து அதிகம், போட்டிக்கு முந்தின நாளுக்கு அது ஆகாது. பணியாரம், சீயம் எண்ணெய்ப் பண்டம், வயித்தில் தங்கும். ராத்திரி 8 மணிக்குள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், இல்லை ரசஞ்சோறு, தயிர்ச்சோறு. காரம் அரைவாசி.

காலையில் ஓட்டத்துக்கு 2 மணி நேரம் முன்னாடி 2, 3 இட்லி, சர்க்கரை தொட்டு. பொடியும் நல்லெண்ணெயும் வேண்டாம். அரை மணி முன்னாடி ஒரு வாழைப்பழம். காபி தினம் குடிக்கிறவங்க குடிக்கலாம். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தில் நாலு தடவையாவது ஒத்திகை பார்த்திருக்கணும்.

தண்ணீரை 2 மணி நேரம் முன்னாடி 300, 400 மில்லி, அப்புறம் தாகத்துக்கு மட்டும். ‘தண்ணி தண்ணி’ன்னு வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்துப் பார்த்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைஞ்சிருந்தது, அளவுக்கு மீறிக் குடிச்சதுதான் முக்கியக் காரணம். அது முழு மாரத்தான், உங்களுக்கு 80 நிமிஷம்தான். ஓடும்போது தெம்புக்கு உறிஞ்சுற இனிப்பு ஜெல் பாக்கெட்டெல்லாம் வீண் செலவு. பயிற்சி முடிஞ்சு நிறைய வியர்த்தால் உப்புப் போட்ட மோர் போதும். ஓ.ஆர்.எஸ். கலக்கினால் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான், கெட்டியா வேண்டாம்.

வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓடாதீங்க. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனக் வகை, நீர்ச்சத்து குறையும்போது சிறுநீரகத்தைப் பிடிக்கும். வலி சொல்ற எச்சரிக்கையும் காதில் விழாது.

பதில்: ஊரணிக்கரை

சனிக்கிழமை பல்லவன் எக்ஸ்பிரஸில் போனால் விடியற்காலை கிளம்பி மதியத்தை ஒட்டி சென்னை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், போட்டி எண் அட்டையைப் பெரும்பாலும் போட்டியன்று காலையில் தர மாட்டார்கள், முந்தின நாளே அடையாள அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். வேலை முடித்து சனி ராத்திரி ரயிலேறலாம் என்று திட்டம் போட்டவர்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அந்த அட்டையின் பின்னால் சிப் ஒட்டியிருக்கும், அதை மடிக்கக் கூடாது. நாலு ஊக்கு, நாலு மூலை, மார்பில் குத்துங்கள். உடன் தரும் பனியனை அன்றைக்கே போடாதீர்கள், துவைக்காத புதுத்துணி அக்குளையும் மார்க்காம்பையும் உரசித் தோலை எடுத்துவிடும். தொடையிடுக்குக்கு வாசலின், மார்க்காம்புக்குப் பிளாஸ்டர்.

வரிசையில் பின்னால் நில்லுங்கள். சிப் உங்கள் நேரத்தைக் கோட்டைத் தாண்டும்போதுதான் தொடங்கும், முன்னால் போய் மிதிபட வேண்டியதில்லை. முதல் கிலோமீட்டர் 8 நிமிஷம் 20 நொடி. கூட்டமும் மேளமும் இழுத்துக்கொண்டு போய் 6 நிமிஷத்தில் முடித்தால் 7ஆவது கிலோமீட்டரில் வட்டியோடு கட்ட வேண்டிவரும். முதல் நடையை 4ஆவது நிமிஷத்திலேயே எடுங்கள், சோர்வு வந்தபிறகு எடுப்பதில் பயன் பாதிதான். தண்ணீர் மேசை வந்தால் முதல் மேசையில் முண்டாமல் கடைசி மேசைக்குப் போய், வாங்கி, நடந்தபடி குடியுங்கள். வாட்ச் 10.1, 10.2 என்று காட்டினால் பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். வளைவுகளில் உள்ளோரத்தை ஒட்டிய மிகக் குறுகிய வழியைத்தான் அளப்பார்கள், அதே கோட்டில் யாரும் ஓடுவதில்லை.

முடிந்ததும் சட்டென்று நிற்கவோ உட்காரவோ வேண்டாம். காலில் ரத்தம் தேங்கிக் கண் இருட்டிவிடும். 10 நிமிஷம் நடங்கள்.

பாதயாத்திரைக்கு: போட்டிக்குப் பிறகு ஒரு வாரம் ஓட்டம் வேண்டாம், நடை மட்டும். எட்டாம் நாள் கட்டைவிரலால் எலும்பை அழுத்திப் பாருங்கள், ஒற்றைக்காலில் பத்து தடவை குதித்துப் பாருங்கள். இரண்டிலும் வலி இல்லையென்றால் தாராளமாகப் போகலாம். லேசாக வலி இருந்தால் இந்த வருஷம் மட்டும் மெத்தென்ற செருப்போடு நடங்கள். 16 வாரமாக ஷூவுக்குள் இருந்த உள்ளங்கால் தோல் மெலிந்திருக்கும், அதனால் எப்படியானாலும் 15ஆம் வாரத்திலிருந்தே தினம் 20 நிமிஷம் வெறுங்காலில் நடந்து பழக்குங்கள். ஒரே புள்ளியில் வலி என்றால் முதலில் டாக்டர், பிறகுதான் காவடி.